மருத்துவமனையில் முதியோர் நடைப்பயிற்சி: மேற்பார்வைத் திட்டங்களின் பயனும் பாபநாசம் வட்டாரத்திற்கு அவற்றின் பொருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவர்களுள் ஒரு பகுதியினர், நோய் தணிந்த பின்னும் முன்போல் நடக்க இயலாதவராய் வீடு திரும்புகின்றனர். இத்தளர்ச்சிக்கு நோயுடன் படுக்கையில் கழிந்த நாள்களும் காரணமாகின்றன என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனைத் தடுக்கும் நோக்குடன் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் மேற்கொள்ளப்பட்ட திட்டங்களின் அமைப்பையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது. காவிரிப் படுகையின் பாபநாசம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, உறவினர் உடனிருக்கும் நம் மருத்துவமனைச் சூழலில் இத்தகைய திட்டம் எவ்வாறு அமையலாம் என்பதையும் ஆராய்கிறது. முதியவரை நடக்கச் செய்வது எவருடைய பொறுப்பு என்று வரையறுக்கப்பட்டால்தான் அவர் நடப்பார் என்பது இக்கட்டுரையின் மையக்கருத்து.

திறவுச்சொற்கள்: முதியோர் மருத்துவம், படுக்கை ஓய்வு, மேற்பார்வை நடைத்திட்டம், இயன்முறை மருத்துவம், உடனிருப்போர், பாபநாசம்.

முன்னுரை

தமிழ் வழக்கில் ஒருவரின் உடல்நலம் பெரும்பாலும் அவருடைய நடமாட்டத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது. நோயுற்று மீண்ட முதியவரைப் பற்றி உறவினர் முதலில் கேட்பது, 'எழுந்து நடமாடுகிறாரா?' என்பதாகும். மீளாதவரைப் 'படுத்த படுக்கையாகிவிட்டார்' என்கின்றனர். 'கைகால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்' என்று முதியோர் தாமே கூறுவதும் வழக்கம். சாவைக் காட்டிலும் நடை இழத்தலே அவர்களால் அஞ்சப்படுகிறது என்பதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.

இவ்வச்சத்திற்குப் பொருளியல் அடிப்படையும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம், கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ., தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் அமைந்த வட்டத் தலைநகர். குறுவை, சம்பா, தாளடி என நெற்பருவங்களால் ஆண்டைக் கணக்கிடும் சிற்றூர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. நடவு நட்டும் களை பறித்தும் வாழ்ந்த பெண்களும், வரப்பில் நடந்தே வாழ்நாளைக் கழித்த ஆண்களும் இங்கு முதுமை எய்துகின்றனர். அவர்களுக்கு நடை இழப்பு என்பது வருவாய் இழப்பும் தன்மதிப்பு இழப்புமாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4 விழுக்காடாக இருந்தது. எனவே இச்சிக்கல் இம்மாநிலத்திற்குப் பிற மாநிலங்கள் பலவற்றைவிட முன்னதாகவே வந்துசேர்ந்துள்ளது எனலாம்.

படுக்கை ஓய்வு: ஒரு நம்பிக்கையின் வரலாறு

நோயாளி படுத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் பண்டைக்காலம் தொட்டு நிலவினும், அதற்கு மருத்துவக் கோட்பாட்டு வடிவம் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1863இல் வெளியிட்ட நூல், ஓய்வைச் சிகிச்சைகளுள் தலையாயதாக உயர்த்தியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு நோயாளிகள் பல வாரங்கள் அசையாமல் படுக்க வைக்கப்பட்டனர்.

இந்நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் ரிச்சர்டு ஆஷர் குறிப்பிடத்தக்கவர். லண்டன் மருத்துவரான இவர் 1947இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், படுக்கை ஒவ்வோர் உறுப்புக்கும் விளைக்கும் தீங்குகளை வரிசைப்படுத்தினார். 1952இல் சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லௌனும் மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் அமர வைத்துச் சிகிச்சை செய்ததன் நன்மையை அறிவித்தனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் நோயாளியை விரைவில் எழுப்பி நடக்க வைப்பது இன்று பொதுவான நடைமுறையாகிவிட்டது. ஆயினும் காய்ச்சல், நுரையீரல் அழற்சி, சிறுநீர்த் தொற்று, இதயச் செயலிழப்பு போன்றவற்றிற்காகப் பொது மருத்துவப் பிரிவில் சேரும் முதியவரிடம் இம்மாற்றம் முழுமையாகச் சென்றடையவில்லை.

படுத்திருக்கும் உடலில் நிகழ்வன

கால் தசைகள் உடலின் எடையைத் தாங்குவதாலேயே வலிமை பெறுகின்றன. அச்சுமை நீங்கியவுடன் தசைப் புரதம் உருவாகும் வேகம் குறைகிறது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் கோர்ட்பைன் குழுவினர், சராசரியாக 67 வயதுடைய நலமான ஒரு சிறு குழுவினரைப் பத்து நாள்கள் படுக்கையில் இருத்தி ஆராய்ந்தனர். அவர்தம் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. முழங்காலை நீட்டும் வலிமை ஏறத்தாழ 16 விழுக்காடு தாழ்ந்தது. நோயற்றவர்க்கே இந்நிலை எனில், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த நோயாளியின் இழப்பு மேலும் மிகுதியாகவே இருக்கும்.

தசையுடன் இழப்பு நிற்பதில்லை. படுத்தே இருப்பவரின் குருதி நீர்மம் குறைவதால், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றல் ஏற்படுகிறது. நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரியாமல் சளி தேங்குகிறது. கால் நாளங்களில் குருதி உறைதல், முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண், மலச்சிக்கல் ஆகியவை தொடர்கின்றன. இரவு பகல் வேறுபாடு மங்கிய அறையில் படுத்திருக்கும் முதியவருக்குத் திடீர் மனக்குழப்பமும் நேர்கிறது.

இவற்றின் ஒட்டுமொத்த விளைவை அமெரிக்காவில் கென்னத் கோவின்ஸ்கி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 70 வயதைக் கடந்த 2,293 நோயாளிகளுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர், குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல் போன்ற அன்றாடச் செயல்களுள் ஒன்றையேனும், நோய்க்கு முன்பிருந்த அளவில் செய்ய இயலாதவராய் மருத்துவமனையை விட்டு வெளியேறினர்.

முதியோர் ஏன் படுத்தே இருக்கின்றனர்?

2009இல் சிந்தியா பிரவுன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. 65 வயதைக் கடந்த, நோய்க்கு முன் நன்கு நடந்த 45 முன்னாள் படைவீரர்களின் உடலில் அசைவுமானி பொருத்தப்பட்டது. மருத்துவமனையில் அளக்கப்பட்ட நேரத்துள் 83 விழுக்காட்டை அவர்கள் படுத்தே கழித்தனர். நின்றதும் நடந்ததும் சேர்த்து நாளொன்றுக்கு 43 நிமிடங்களே. நடக்க இயலாமையால் அவர்கள் படுத்திருக்கவில்லை. எழுப்புவார் இல்லாமையால் படுத்திருந்தனர் என்பதை இது புலப்படுத்துகிறது.

காரணங்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உடலோடு பிணைக்கப்பட்ட குழாய்கள். கையில் குளுக்கோஸ் ஏறும் ஊசி, சிறுநீர்க் குழாய், ஆக்சிஜன் குழாய் ஆகியவை கட்டிப்போடும் கயிறுகளாகவே செயல்படுகின்றன. குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்னும் மக்கள் நம்பிக்கையும் இதற்குத் துணைபோகிறது. இரண்டாவது, கீழே விழுந்துவிடுவார் என்னும் அச்சம். நோயாளி விழுந்தால் செவிலியர் விடை கூற வேண்டும். தசை கரைந்து போனதற்கு எவரும் விடை கூற வேண்டியதில்லை. மூன்றாவதே அடிப்படையானது: நடக்கச் செய்வது எவருடைய பணி என்று வரையறுக்கப்படாமை. மருத்துவர் அதனைச் செவிலியர் பணி என்று கருதுகிறார். செவிலியர் அதனை இயன்முறை மருத்துவரிடம் விடுகிறார். இயன்முறை மருத்துவரோ பக்கவாதத்திற்கும் எலும்பு முறிவுக்குமே அழைக்கப்படுகிறார். உறவினர், மருத்துவர் கூறாமல் எழுப்பலாகாது என்று காத்திருக்கின்றனர்.

மேற்பார்வை நடைத்திட்டத்தின் அமைப்பு

இப்பொறுப்பின்மையை நீக்கும் வகையில் உருவாக்கப்பட்டதே 'ஸ்டிரைடு' எனப்படும் திட்டம். அமெரிக்காவின் டர்ஹம் நகரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சூசன் ஹேஸ்டிங்ஸ் குழுவினர் இதனைத் தொடங்கினர். இதன் அமைப்பு எளியது. 60 வயதைக் கடந்த நோயாளி சேர்ந்தவுடன் இயன்முறை மருத்துவர் ஒருமுறை அவருடைய நடையையும் சமநிலையையும் ஆராய்கிறார். பாதுகாப்பாக நடக்கத்தக்கவர் எனத் தெரிந்தால், பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் அவரை வீடு திரும்பும் நாள் வரை அன்றாடம் 20 நிமிடங்கள் வரை உடன் நடத்திச் செல்கிறார். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை.

2014இல் வெளிவந்த தொடக்க ஆய்வில், இத்திட்டத்தில் பங்கேற்றோருள் 92 விழுக்காட்டினர் நேரே வீடு திரும்பினர். பங்கேற்காத ஒப்பீட்டுக் குழுவில் இது 74 விழுக்காடு. அவ்வாய்வு சிறியது, குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவுமில்லை. பின்னர் எட்டு மருத்துவமனைகளில் படிப்படியாக இத்திட்டம் தொடங்கப்பட்டுக் குலுக்கல் முறையில் ஆராயப்பட்டது. 2023இல் வெளியான அம்முடிவுகளின்படி, வீட்டுக்குச் செல்ல இயலாமல் செவிலியர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டோர் 13 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தனர். மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. நடப்பதால் விழுவோர் மிகுவர் என்னும் அச்சத்தையும் அம்முடிவுகள் உறுதிப்படுத்தவில்லை. அதே வேளையில், தகுதியுடைய நோயாளிகளுள் உண்மையில் நடத்திச் செல்லப்பட்டோரின் விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை பெரிதும் வேறுபட்டது. திட்டத்தை ஏற்பது எளிது, அதனை அன்றாடப் பணியாக்குவது அரிது என்பதே இவ்வேறுபாடு உணர்த்தும் பாடம்.

வேறு இரு ஆய்வுகளும் இங்கு நினைக்கத்தக்கன. 1999இல் ஷாரன் இனோயி குழுவினர் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் மேற்கொண்ட திட்டத்தில் நடத்தல், உறக்கம், பார்வை, செவிப்புலன், நீர் அருந்துதல் ஆகியவற்றிற்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் துணைநின்றனர். திடீர் மனக்குழப்பம் ஒப்பீட்டுக் குழுவில் 15 விழுக்காட்டினருக்கும் திட்டக் குழுவில் 9.9 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. ஸ்பெயினின் பம்பலோனா நகரில் சராசரியாக 87 வயதுடைய 370 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், நடையுடன் தசைவலிமைப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. அன்றாடச் செயல்திறனை 100 புள்ளிகளுக்கு அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் வழக்கமான சிகிச்சை பெற்றோர் 5 புள்ளிகள் இழந்தனர். பயிற்சி பெற்றோர் 1.9 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றனர். முதுமை மிகுந்த நிலையிலும் இழப்பு தவிர்க்கத்தக்கதே என்பதற்கு இது வலுவான சான்று.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் முதியோர் மருத்துவத்திற்கென முதற்பிரிவு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராஜன் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, மாவட்ட மருத்துவமனைகளில் பத்துப் படுக்கைகள் கொண்ட முதியோர் பிரிவுகளுக்கு வழிவகுத்தது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது.

இவை அனைத்தும் பெருநகரையும் மாவட்டத் தலைமையிடத்தையும் சார்ந்தவை. பாபநாசம் வட்டாரத்து முதியவர் முதலில் நாடுவது உள்ளூர் அரசு மருத்துவமனையை. நோய் முற்றினால் கும்பகோணம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடுகிறார். மூன்றிடத்தும் அவர் படுக்கையருகே இருப்பவர் அவருடைய உறவினர். மேலைநாட்டு மருத்துவமனைக்கும் நம் மருத்துவமனைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. அங்கு நடத்திச் செல்லும் கைகளைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டியுள்ளது. இங்குக் கைகள் உள்ளன. அவற்றிற்கு அறிவுறுத்தல் இல்லை.

அறிவுறுத்தல் இல்லாத அன்பு எதிர்த்திசையில் செயல்படுகிறது. 'நீ எந்திரிக்காதம்மா, நான் எடுத்துத் தர்றேன்' என்று மகன் கூறுவது பாசத்தின் வெளிப்பாடு. உணவை ஊட்டிவிடுவதும் படுக்கையிலேயே மலசலம் கழிக்க வைப்பதும் நல்ல பணிவிடையாகவே கருதப்படுகின்றன. தாயை நடக்க வைக்கும் மகளை, பக்கத்துப் படுக்கையார் இரக்கமற்றவள் என்று பேசவும் கூடும். ஆகவே 'நடக்க வேண்டும்' என்னும் கட்டளை மருத்துவரின் வாயிலிருந்து, பலர் கேட்க வருவது இன்றியமையாதது. அக்கட்டளை உறவினரைப் பழியிலிருந்து விடுவிக்கிறது.

உறவினரின் கைகளுக்கும் எல்லை உண்டு. மாமனார் மருமகளின் கையைப் பற்றி நடக்கத் தயங்குவார். முதிய மனைவியால் எடை மிகுந்த கணவரைத் தாங்க இயலாது. இத்தகையோர்க்கு ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாகப் பயிற்சி பெற்ற பணியாளர் தேவைப்படுகின்றனர்.

பாபநாசம் போன்ற வட்ட மருத்துவமனைக்கு ஒரு வரைவு

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பின்வரும் நடைமுறையைப் பரிந்துரைக்கலாம்.

சேர்க்கையின்போது ஒரு வினா கேட்கப்பட வேண்டும்: நோய்க்கு இரு வாரங்களுக்கு முன் இவர் எவ்வளவு நடந்தார்? ரேஷன் கடைக்குத் தாமே சென்றாரா, வாசல் வரை மட்டுமா, கட்டிலைச் சுற்றி மட்டுமா என்பது நோயாளிக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது எட்ட வேண்டிய இலக்கு அதுவே.

அடுத்து, எழுப்பும் முன் சோதனை. படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள்ளும் இரத்த அழுத்தம் அளக்கப்பட வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 சரிந்தால் மருத்துவரிடம் கூறிய பின்னரே நடக்க வேண்டும். பின் படிநிலைகள்: கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அமர்தல், பிடித்து நிற்றல், நின்ற இடத்திலேயே காலை மாறிமாறித் தூக்குதல், அதன்பின் நடத்தல். ஒரு படியில் தடுமாறுபவர் அன்று அப்படியோடு நிற்கலாம்.

மூன்றாவது, நேரமும் ஆளும். காலை உணவுக்குப் பின் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என நேரம் குறிக்கப்பட்டு, நடத்திச் செல்பவர் யார் என்பது பெயருடன் எழுதப்பட வேண்டும். அவர் உறவினராயின் முதல் நாள் செவிலியரோ இயன்முறை மருத்துவரோ முன்னின்று காட்ட வேண்டும். தாங்குபவர் நோயாளியின் வலுக்குறைந்த பக்கத்தில் சற்றுப் பின்னே நிற்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காமல், அகன்ற இடுப்புப் பட்டையைப் பற்ற வேண்டும். தாழ்வாரச் சுவரில் மூன்று மீட்டருக்கு ஒரு கோடு வரைந்தால் நடந்த தொலைவை எவரும் எண்ணலாம்.

நான்காவது, தடைநீக்கம். அன்றாடம் மருத்துவர் வருகையின்போது, 'இந்தக் குழாய் இன்றும் தேவையா?' என்னும் வினா எழ வேண்டும். வழுவழுப்பான ஈரத் தரை, தேய்ந்த ரப்பர்ச் செருப்பு, தரையில் புரளும் புடவை, வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி ஆகியவை விழுவதற்குக் காரணங்கள். இவற்றைச் சரிசெய்யப் பெருஞ்செலவு ஆகாது.

ஐந்தாவது, விலக்கு. ஓய்விலேயே மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி உள்ளவர், இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்தவர், சிகிச்சை பெறாத இடுப்பெலும்பு முறிவினர், காலில் புதிதாகக் குருதி உறைந்து மருந்து தொடங்கப்படாதவர் ஆகியோர் இத்திட்டத்தில் சேரலாகாது. உள்ளங்காலில் நீரிழிவுப் புண் உள்ளவருக்கு நடையே புண்ணை ஆழப்படுத்தும். அவருக்குப் படுக்கையிலும் நாற்காலியிலும் செய்யும் பயிற்சிகள் பொருந்தும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும்வயிற்றில் நடக்கலாகாது.

இறுதியாக, வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் 'வந்தபோது நடை', 'செல்லும்போது நடை' என இரு வரிகள் இடம்பெற வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு உள்ளது. அவ்விரு வரிகளில் வேறுபாடு காணப்படும் முதியவரின் விவரம் அவருக்குச் சென்று சேருமாயின், மருத்துவமனையில் தொடங்கிய நடை வீட்டு வாசலில் அறுபடாது. மேலைநாட்டு அளவைகள் கூறாத சில தேவைகளையும் அங்குக் கவனிக்க வேண்டும்: பாயிலிருந்து எழுதல், குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்துதல், திண்ணைப் படி ஏறுதல், நகரப் பேருந்தின் உயர்ந்த படியில் கால் வைத்தல். தஞ்சை மண்ணின் முதியவர்க்கு நடை என்பது இவையனைத்தையும் உள்ளடக்கியது.

முடிவுரை

மேற்பார்வை நடைத்திட்டம் நோயைக் குணப்படுத்துவதில்லை. மருத்துவமனை நாள்களைக் குறைப்பதாகவும் மெய்ப்பிக்கப்படவில்லை. நோயிலிருந்து மீண்டவர் தம் வாழ்க்கைக்கும் மீள்வதற்கு அது துணைசெய்கிறது. அமெரிக்க ஆய்வுகள் பராமரிப்பு இல்லம் தவிர்க்கப்பட்டதைப் பயனாகக் கணக்கிட்டன. பாபநாசத்துச் சிற்றூர்களில் அப்பராமரிப்பின் சுமை ஒரு மகளின் அல்லது மருமகளின் தோளில் விழுகிறது. அவர் கூலி வேலையை விட்டு வீட்டில் தங்க நேர்கிறது. ஆகவே முதியவர் ஒருவரின் நடையைக் காப்பது ஈருயிரின் வாழ்வாதாரத்தைக் காப்பதாகும்.

இதற்குத் தேவையான தாழ்வாரமும் உறவினரும் நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே உள்ளனர். மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயரும் வேளையும் எழுதப்படுவது போல, நடையும் வேளையும் நடத்திச் செல்பவரின் பெயரும் எழுதப்பட்டு, எழுதியபடி நடந்ததா என்று மறுநாள் கேட்கப்படுமாயின் இத்திட்டம் தொடங்கிவிட்டது எனலாம்.